உன் சட்டி எங்கே?
மதிப்பிற்குரிய டத்தோ அவர்களே, கோயில் தலைவர் ஐயா அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, ஈப்போவிலிருந்து வந்திருக்கும் முன்னாள் மாணவர்களே, முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம். மழையிலும் நாற்காலி போட்ட சுங்கை சிப்புட் இளைஞர்களுக்குத் தனி நன்றி.

வெப்பமும் வேலையும் ஒன்று மற்றொன்றாக மாறுவதைச் சொல்லும் வெப்ப இயக்கவியலில் மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஆற்றலைப் புதிதாக உண்டாக்க முடியாது. மாற்றும்போதெல்லாம் ஒரு பங்கு வெப்பமாகச் சிதறிவிடும். மூன்றாவது, வீட்டு மின்கட்டணம். முதலாவதைப் பாட்டி எப்போதோ சொல்லிவிட்டாள்: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

எங்கள் தோட்டத்துக்கு ஒரு சம்பள நாளில் ஒருவர் வேனில் வந்தார். கோயில் மரத்தடியில் மேசை போட்டு, தரை வரை தொங்கும் சிவப்புத் துணி விரித்து, மோட்டாரையும் டைனமோவையும் பெல்ட்டால் பூட்டினார். மோட்டார் டைனமோவைச் சுற்றும், டைனமோ மோட்டாருக்கே மின்சாரம் கொடுக்கும், மிச்சத்தில் பல்பு எரியும் என்றார். எரிந்தது! தோட்டக் கணக்கெழுதும் பெரிய கிராணியாரே பணத்தை எண்ணத் தொடங்கிவிட்டார். செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்த்த என் சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மோட்டாரைத் தொட்டார், சுட்டது. டைனமோவைத் தொட்டார், அதுவும் சுட்டது. “இவ்வளவு சூடு வெளியே போகுதே தம்பி, அதை யாரு ஈடுகட்டறது? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? உன் சட்டி எங்கே?” என்று துணியைத் தூக்கினார். கீழே லாரி பேட்டரி! அப்புறம் வேன் போன வேகத்தை நான் சொல்லவும் வேண்டுமா?

தண்ணீரைத் துடுப்பால் கலக்கி, செய்த வேலைக்கு ஈடாக வெப்பம் பிறப்பதை 1840-களில் அளந்து காட்டினார் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல். வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்திரத்தின் செயல்திறனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டென்று 1824-இலேயே எழுதியவர் பிரான்சின் சாடி கார்னோ. நம் ஆலையில் செம்பனைப் பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்து நீராவி எடுக்கிறோம். டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியிலும் நிறைய வெப்பம் இருக்கும், அதில்தான் பழக்குலைகளை அவிக்கிறார்கள். சித்தப்பா தினமும் பார்த்தது இதைத்தான்.

அவர் படித்தது ஆறாம் வகுப்பு வரை, தமிழ்ப்பள்ளியில், தமிழில். 2003-இல் மலேசியப் பள்ளிகளில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள், பிறகு கைவிட்டார்கள். இப்போது, அந்தப் பாடங்களை ஆங்கிலத்திலும் நடத்தலாம் என்னும் இருமொழித் திட்டம் என்று அதே பேச்சு. ஆங்கிலத்தை ஆங்கிலப் பாடத்தில் நன்றாகவே கற்கட்டும். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை ‘ஏன் சுடுது?’ என்று கேட்பது அம்மாவிடம் பேசும் மொழியில்தான். பிள்ளையின் சட்டியில் இருப்பது தமிழ், பெற்றோர்களே!

டத்தோ அவர்களுக்கு அடுத்த நிகழ்ச்சி இருக்கிறது, மின்கட்டணத்தைப் பிறகு பேசுவோம். அறிவியல் தமிழிலேயே தொடர வேண்டும் என்ற மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.