நிமிடத்துக்கு ஒரு அரிசிப் பை! கேரவன் ஆனிங்கை மழையில் விரித்து வைக்கலாமா?

[காட்சி: அடைமழை. கேரவன் சுவரிலிருந்து நீண்டிருக்கும் துணிக் கூரை நடுவில் தொட்டில் போலத் தொங்குகிறது.]

இந்தத் துணியின் வயிற்றைப் பாருங்கள். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கும்? ஒரு வாளி? இரண்டு வாளி? உங்கள் கணக்கைக் கீழே கமெண்டில் போட்டுவிட்டுப் பாருங்கள். இன்னும் ஒரு நிமிடத்தில் விடை சொல்கிறேன்.

வணக்கம். மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனை, அதற்கும் பின்னால் மலை. பழைய கேரவன் டிரெய்லர் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிறோம். லீவு நாளில் இழுத்துக்கொண்டு போவோம். மற்ற நாளில் பிள்ளைகளுக்கு அதுதான் இரண்டாவது வீடு.

முதலில் அடிப்படை, சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஆனிங் என்பது கேரவன் பக்கச் சுவரில் சுருட்டி வைத்திருக்கும் துணிக் கூரை. பட்டனை அழுத்தினால் 12 வோல்ட் மோட்டார் உருளையைச் சுற்றும், இரண்டு கைகள் அதை வெளியே தள்ளும், துணி விரியும். முழுதாக விரிய ஒரு நிமிடம்கூட ஆகாது. அவ்வளவுதான்.

[காட்சி: தரையில் வரிசையாக 10 கிலோ அரிசிப் பைகள்.]

இப்போது கணக்கு. 1 மில்லிமீட்டர் மழை 1 சதுர மீட்டரில் விழுந்தால் 1 லிட்டர். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. என் ஆனிங் 4 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், ஆக 10 சதுர மீட்டர். சாயங்காலம் இடியோடு கொட்டும் மழையை மணிக்கு 60 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1 மில்லிமீட்டர். அதாவது நிமிடத்துக்கு 10 கிலோ. மளிகைக் கடையில் வாங்குவோமே 10 கிலோ அரிசிப் பை, நிமிடத்துக்கு ஒன்றாக யாரோ கூரைமேல் எடுத்து வைக்கிறார்கள். வடிய வழி இல்லையென்றால் 10 நிமிடத்தில் 100 கிலோ. அந்தப் பாரத்தைத் தாங்குவது இரண்டு மெல்லிய அலுமினியக் கைகள்.

போன வருடம் தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பில் எனக்கு இதுதான் நடந்தது. ஐப்பசி மழை எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஆனிங்கை மட்டமாக விரித்திருந்தேன். அடியில் மேசை, முறுக்கு, உறவுக்காரர்கள். துணி தொங்க ஆரம்பித்ததும் பதற்றத்தில் சுருட்டும் பட்டனை அழுத்திவிட்டேன். தண்ணீர்ப் பாரத்தோடு மோட்டார் உறுமியது, உருளை நடுவில் வளைந்தது, ஒரு கை முறுக்கிக்கொண்டது. நல்ல வேளை, அடியில் இருந்த பிள்ளைகளை என் அக்கா முன்கூட்டியே உள்ளே இழுத்துவிட்டார். அந்த ஒரு நொடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்கும். இந்த வீடியோ எடுக்கக் காரணமே அதுதான்.

மறுநாள் காலையில் அம்மா வந்து பார்த்தார். அம்மா ரப்பர் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். வளைந்த உருளையைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி: "ஏன்யா, தண்ணிக்கு வழி விடாம கட்டி வெச்சா அது எங்க போகும்?"

[காட்சி: பால்மரத்தில் வெட்டுக்கோடு, மிக அருகில்.]

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஆனிங் பற்றிய முழுப் பாடமும் இந்த மரத்தில் இருக்கிறது. எங்களுக்குப் பக்கத்து ஊர் கோலாகங்சார். மலாயா ரப்பரின் முதல் கன்றுகளில் சில 1877இல் அங்கேதான் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் ஊருக்குள் நிற்கிறது, போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

வெட்டுக்கோட்டைக் கவனியுங்கள். மட்டமாக இருக்காது. இடப்பக்கம் மேலே தொடங்கி, வலப்பக்கம் கீழே சாய்ந்து இறங்கும். சாய்வு ஏறக்குறைய 30 டிகிரி. ஏன் இடமிருந்து வலமாக? பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர்செங்குத்தாக இல்லை, மேலே போகப் போக லேசாக வலப்பக்கம் சாய்ந்திருக்கும். இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் கூடுதலாக வரும். சாய்வு இருப்பதால் பால் கோட்டை விட்டு வழியாமல் ஓடி, கோட்டின் முனையில் செருகிய தகரத்துக்கு வந்து, அங்கிருந்து மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், விழும். ஒரே பாதை, ஒரே முனை, ஒரே மங்கு. சாய்வு குறைந்தால் பால் தேங்கி, கோட்டைத் தாண்டிப் பட்டையில் வழிந்து வீணாகும். இதைப் படிக்காமலே கையால் தெரிந்து வைத்திருந்தவர்கள் நம் அம்மாக்களும் பாட்டிகளும். விடிவதற்கு முன்னால், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டில் இந்தச் சாய்வைப் பிசகாமல் போட்டிருக்கிறார்கள். எனக்கு இது எந்த மோட்டாரைவிடவும் பெரிய விஷயம்.

இன்னொன்றும் உண்டு. மழை பெய்தால் தண்ணீர் மரத்தில் வழிந்து பாலைக் கழுவிக்கொண்டு போகும், மங்கு நிரம்பி வழியும், அன்றைய பால் போச்சு. அதனால் சில தோட்டங்களில் வெட்டுக்கோட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பாவாடையைக் கட்டி, இடைவெளியை அடைப்பார்கள். மேலிருந்து வரும் தண்ணீர் அதில் பட்டு, கோட்டைத் தொடாமல் வெளியே சொட்டும். யோசித்துப் பாருங்கள், மரத்துக்கே ஒரு ஆனிங்!

சரி, கேரவனுக்கு வருவோம். அம்மா சொன்ன வழிதான். தூறல் என்றால்கூட ஒரு பக்கக் கையை மறுபக்கத்தைவிட ஒரு சாணாவது தாழ்த்துங்கள். எல்லாத் தண்ணீரும் ஒரு மூலைக்கு ஓடி அங்கேயே விழும். அந்த மூலை வாசல் பக்கமாக இருக்க வேண்டாம். நான் அதற்கு நேர் கீழே ஒரு வாளி வைத்திருக்கிறேன், மண் தெறிக்காது, செடிக்கும் ஊற்றலாம். சில மாடல்களில் மூலையில் பாரம் சேர்ந்தால் கை தானாகவே தாழ்ந்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி எழும். சாய்வே வைக்க முடியாத மாடலும் உண்டு. அப்படியென்றால் மழைக்கு அதை விரிக்காதீர்கள்.

ஏற்கெனவே தண்ணீர் தேங்கிவிட்டால்? நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள், பட்டனைத் தொடாதீர்கள். முதலில் அடியில் இருக்கும் எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். பிறகு ஓரமாக நின்று, மெத்தென்ற துடைப்பத்தால் விளிம்புப் பக்கத்திலிருந்து துணியை மெல்லத் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுங்கள். காலியான பிறகுதான் சுருட்ட வேண்டும்.

[காட்சி: கறுத்த வானம், செம்பனை ஓலைகள் ஒரே பக்கமாகச் சாய்கின்றன.]

மழைக்குச் சாய்வு இருக்கிறது. காற்றுக்கு என்ன இருக்கிறது? சுருட்டி உள்ளே எடுப்பது மட்டும்தான். நம் கோயில் திருவிழாப் பந்தலுக்குத் தரையில் கால் உண்டு, கயிறு உண்டு, முளை உண்டு. மின் ஆனிங்கின் இரண்டு கைகளும் கேரவன் சுவரில்தான் நிற்கின்றன. துணியை வெளியே தள்ளி விறைப்பாகப் பிடிப்பது அவற்றின் வேலை. அடியில் புகுந்த காற்று மேலே தூக்கினால் கீழே இழுத்துப் பிடிக்க எதுவும் கிடையாது. துணி அப்படியே புரண்டு கேரவன் கூரைமேல் விழும், கையும் சேர்ந்து பிய்ந்துவிடும்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று துணியை நேராக முட்டினால் சதுர மீட்டருக்குச் சுமார் 6 கிலோ, என் ஆனிங்குக்கு 60 கிலோ. அதுவே 72 கிலோமீட்டர் என்றால் சுமார் 240 கிலோ. இந்த வேகம் நமக்கு அபூர்வம் இல்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையைத் தாண்டி மேற்குக் கரைக்கு வரும் 'சுமத்ரா' காற்று 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். அது பெரும்பாலும் வருவது விடிவதற்கு முன்னும் காலையிலும், நாம் அசந்து தூங்கும் நேரம். அதனால் ஆனிங்கை விரித்து வைத்துவிட்டுத் தூங்கவே தூங்காதீர்கள். கடைக்குப் போகும் பத்து நிமிடத்துக்குக்கூட வேண்டாம்.

சாயங்கால மழைக்கு ஒரு முன்னறிவிப்பு உண்டு. புழுக்கமாக இருக்கும்போது திடீரென்று ஒரு குளிர்காற்று முகத்தில் அடிக்குமே, "மழை வருது, துணியை எடு" என்று வீட்டில் கத்துவார்களே, அதேதான். மழைத்துளிகள் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும், அந்தக் கனத்த காற்று கீழே விழுந்து தரையில் பரவி மழைக்கு முன்னால் ஓடி வரும். அந்தக் குளிர் பட்ட உடனே பட்டனை அழுத்துங்கள். கொடியில் காயும் துணி அப்புறம்.

காற்று சென்சார் வைத்த ஆனிங் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நல்லதுதான். ஆனால் பலவற்றில் அது அளப்பது கூரையின் ஆட்டத்தை. அதாவது ஆட ஆரம்பித்த பிறகுதான் சுருட்டும். பேட்டரி இறங்கியிருந்தால் அதுவும் இல்லை.

பேட்டரி என்றதும் இன்னொன்று. மோட்டார் ஓடாவிட்டால் கையால் சுருட்டும் வழியை வெயில் நாளிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். சில மாடல்களில் மோட்டார் முனையில் டிரில் வைத்துச் சுற்றலாம், சிலவற்றில் மோட்டார் வயரை எடுத்து நேராக 12 வோல்ட் பேட்டரியில் கொடுக்க வேண்டும். மழையில் நனைந்துகொண்டு கையேட்டைத் தேடும் நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

ஈரத்தோடு சுருட்டினால் பூசணம் பிடிக்கும். மழை விட்டதும், இல்லையென்றால் மறுநாள் வெயிலிலாவது விரித்துக் காய வையுங்கள்.

கடைசியாக ஒரு உதவி. வெட்டுக்கோட்டுக்கு மேலே கட்டும் அந்தப் பிளாஸ்டிக் பாவாடைக்கு உங்கள் தோட்டத்தில் என்ன பெயர் சொன்னார்கள்? அம்மாவிடம், பாட்டியிடம் கேட்டு, தோட்டத்தின் பெயரோடு கமெண்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.