850 அடியில் இருந்து மறுபடியும் மோட்டாரைத் தூக்கினோம், காசு கொடுத்தது யார் தெரியுமா?

வணக்கமுங்க சொந்தங்களே. கொஞ்ச நாளாக வீடியோ இல்லையே, எங்கே போனீங்க அக்கா என்று கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில்தான், மோட்டார். இன்றைக்குச் சமையல் கிடையாது, மாட்டுக் கொட்டகையைச் சுற்றிக் காட்டுவதும் கிடையாது. மோட்டார் பற்றித்தான் பேச்சு, ஆனால் முழுக்க மோட்டாரும் இல்லை, அதனால் பெண்கள் யாரும் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். பின்னால் கத்துவது கருப்பி. போன வீடியோவில் மைக் வயரைத் தின்னப் பார்த்த அதே ஆடுதான், இன்றைக்குக் கட்டிப் போட்டுவிட்டேன், அந்தக் கோபம்.

பழைய ஆட்களுக்குத் தெரியும், எங்கள் தோட்டம் காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில், வாய்க்கால் தண்ணி எட்டாத மேட்டுக்காடு. ஆழ்துளைக் கிணறு, நாங்கள் போர் என்போம், அது ஒன்றுதான் கதி. ஏழரை எச்பி மோட்டார், 850 அடியில் தொங்குகிறது. அது சித்திரையில் உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுற்று, காயில் என்பார்கள், கருகி நின்றுபோனது. வண்டி வரவைத்துத் தூக்கி, ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோய், புதுக் காயில் சுற்றி, மறுபடி இறக்கி, தண்ணி தொட்டியில் விழுந்ததும் நான் சாமிக்குத் தேங்காய் உடைத்தேன். சில நாள்தான் ஓடியது. ஒரு விடிகாலை ஸ்டார்ட்டர் பச்சை பட்டனை அழுத்தினால் டப்பென்று ட்ரிப் ஆகிறது, மறுபடி அழுத்தினால் மறுபடி டப்.

இந்த இடத்தில் வண்டி வாடகை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், வயிறு எரிகிறது. மோட்டாரைத் தூக்கி இறக்க வண்டிக்காரர்கள் 5,000 ரூபாய் கேட்டார்கள். இருபது இருபது அடிக் குழாய், நாற்பதுக்கு மேல், ஒவ்வொன்றாகத் தூக்கி, கிளாம்ப் போட்டு நிறுத்தி, ரெஞ்ச் வைத்துக் கழற்ற வேண்டும், வேலை கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 5,000 வாங்கிக்கொண்டு, கிளம்பும்போது டீக்காசு 300 தனியாக வேண்டும் என்றார்களே, அதுதான் எனக்கு ஆகவில்லை. ஏனுங்க, இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தது நான், வடையும் கொடுத்தது நான், அப்புறம் எந்த டீக்கு இந்தக் காசு? அரை மணி நேரம் வாசலில் நின்று பேசி 100 ரூபாயில் முடித்தேன். எங்க வீட்டுக்காரர் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டார். போகட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மோட்டார் மறுபடி நின்றதும் நான் என்ன எதிர்பார்த்தேன் என்றால், இதற்கு முன்னால் நடந்ததைத்தான். புது மோட்டார் வாங்கின இடத்தில், பேர் வேண்டாம், வாரண்டிக் காலத்திலேயே ஒரு தடவை நின்றது. போன் போட்டால் முதலில் கரண்டு சரியில்லை என்றார்கள். வோல்டேஜ் பார்த்துச் சொன்னால், உங்க தண்ணியில உப்பு ஜாஸ்திங்க என்றார்கள். அதற்கும் பதில் சொன்னால், நீங்க ஓட்டுன முறை தப்பு என்றார்கள். கரண்டு, தண்ணி, நான், மூன்று பேர் மேலேயும் தப்பு, மோட்டார் மட்டும் உத்தமம்!

நீரோட்டம் பார்க்கிறவர் கதை அதற்கும் மேலே. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றி நடந்து, தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் குச்சி நட்டுவிட்டுப் போனார். முதல் போரில் தண்ணியே இல்லை, புகைதான். கேட்டதற்கு, உங்க நேரம் சரியில்ல கண்ணு என்றார். இரண்டாவது போரில் தண்ணி வந்ததும், நாந்தான் சொன்னேனில்ல என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். இவரைவிடத் திருச்செங்கோட்டு போர் வண்டிக்காரர் எவ்வளவோ மேல். தண்ணி வந்தாலும் வராட்டியும் அடிக் கணக்குக்குக் காசு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார், எதற்குப் பொறுப்பு, எதற்குப் பொறுப்பில்லை என்பது தெளிவாக இருக்கிறது. இந்தியா முழுக்க அந்த ஊர் வண்டிகள் போய் போர் போடுகின்றன என்றால் சும்மா இல்லை.

இந்தப் பழக்கத்தில்தான் ரீவைண்டிங் கடைக்காரருக்குப் போன் போட்டேன், சண்டைக்குத் தயாராக. மனதுக்குள் இரண்டு தடவை ஒத்திகை கூடப் பார்த்துவிட்டேன். அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "அக்கா, ஸ்டார்ட்டரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்காதீங்க, நான் வந்தர்றேன்."

வந்தார். மெக்கர் என்று ஒரு பெட்டி, கரண்டு எங்கேயாவது கசிகிறதா என்று பார்ப்பது, கைப்பிடி சுற்றுகிற பழைய மாடல். போர் வாயில் கேபிளைக் கழற்றி, ஒரு முனையைக் கேபிளிலும் இன்னொன்றைக் குழாயிலும் வைத்துச் சுற்றினார், முள் பூஜ்யத்துப் பக்கம் சாய்ந்து கிடந்தது. கேபிளிலோ மோட்டாரிலோ எங்கேயோ கரண்டு கசிகிறது என்று அர்த்தமாம். அவர் பையைக் கூட மூடவில்லை, நிமிர்ந்து, "கேபிள் மோட்டாரோட சேர்ற ஜாயிண்ட்ல தண்ணி ஏறிருச்சாட்ட இருக்குதுங்க்கா. காயில் மேல சந்தேகமில்ல. ஜாயிண்ட் போட்டதும் தண்ணி ட்ரம்முல முக்கி வச்சு மெக்கர் பாக்கோணும், அன்னைக்கு இருட்டாயிருச்சுன்னு நான் பாக்காம இறக்கச் சொல்லிட்டேன். இது எம்பட தப்புங்க. தூக்கற வண்டிக் காசு நான் குடுத்துக்கறேன்" என்றார்.

எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் வீண்!

அடுத்த நாள் வண்டி வந்தது, தூக்கினார்கள். மோட்டாருக்கு மேலே இருக்கும் ஜாயிண்ட்டைப் பிரித்துக் காட்டினார், உள்ளே டேப் கொழகொழவென்று, செம்பு பச்சை பூத்திருந்தது. அப்புறம் அவரே உட்கார்ந்து புது ஜாயிண்ட் போட்டதைப் பார்க்க வேண்டும், வீடியோ எடுக்காமல் விட்டது இன்னும் மனசு ஆறவில்லை, போனில் சார்ஜ் இல்லை, கரண்டு இருந்தால்தானே. கேபிளின் மூன்று வயரையும் ஒரே நீளத்தில் வெட்டவில்லை, ஒன்று குட்டை, ஒன்று நடுத்தரம், ஒன்று நெட்டை. ஏன் என்றால் மூன்று முடிச்சும் ஒரே இடத்தில் விழுந்தால் தடித்துப் போய் இறக்கும்போது போர் சுவரில் உரசுமாம். செம்பைச் சுரண்டி, இழை இழையாகப் பின்னி, ரப்பர் டேப்பை இழுத்து இழுத்து ஒரு சுற்று பாதி மேல் இன்னொரு சுற்று ஏறுவது போலச் சுற்றி, அதன் மேல் சாதா டேப். முடிந்ததும் என் மாட்டுக்குத் தண்ணி காட்டும் ட்ரம்மிலேயே முக்கி வைத்து, டீ குடித்துவிட்டு வந்து மெக்கர் சுற்றினார். முள் அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. இறக்கினார்கள், தண்ணி வந்தது. வண்டிக்காரருக்கு 5,000 அவர் பாக்கெட்டில் இருந்து போனது. டீக்காசும் அவர்தான் கொடுத்தார், அதுவும் முழுசாக 300. எனக்கு அதுதான் உறுத்தல், என்னிடம் விட்டிருந்தால் 100-இல் முடித்திருப்பேன்.

ஆங், முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். முதல் தடவை ஜாயிண்ட் போட்டது அவர் இல்லை, கடையில் வேலை பழகுகிற பையன். வண்டிக்காரர்கள் அவர் இல்லாத நேரத்தில் என்னிடம் சொன்னார்கள். அவர் வாயில் இருந்து அந்தப் பையன் பேர் ஒரு தடவை வரவில்லை. பையன் ட்ரம் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து டேப்பை அறுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான், முகத்தை நிமிர்த்தவே இல்லை. மூன்று வயரில் கடைசி வயரை அவன் கையில் கொடுத்து, "இத நீ போடு" என்றார். அந்த வயரைத்தான் முதலில் மெக்கரில் பார்த்தார்.

எங்க பையன் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிக்கு அப்துல் கலாம் பற்றி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான், வீடு முழுக்க அதே சத்தம், அதில் இதே கதை வருகிறது பாருங்கள். 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி-3 ராக்கெட். கலாம்தான் திட்ட இயக்குநர். கணினி நிறுத்து என்று காட்டியிருக்கிறது, கூட இருந்த நிபுணர்கள் பரவாயில்லை என்று சொல்ல, இவர் ஏவச் சொல்லிவிட்டார். இரண்டாவது கட்டத்தில் கோளாறு, ராக்கெட் வங்கக் கடலில். பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொன்னது கலாம் இல்லை, இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். தோல்வியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். 1980 ஜூலை 18, அதே எஸ்.எல்.வி-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் விட்டது. அன்றைக்குத் தவன் கலாமிடம், பத்திரிகைக்காரர்களை நீங்கள் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். இதைக் கலாமே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கடைசி வயரைப் பையன் கையில் கொடுத்தாரே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது, இவர் தவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாரா என்று கூடத் தெரியாது.

இதைச் சாப்பிடும்போது சொன்னால் எங்க மாமனார், அரியலூர் தெரியுமா உனக்கு என்று ஆரம்பித்துவிட்டார். 1956 நவம்பர், வெள்ளத்தில் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. அதற்குச் சில மாதம் முன்னாலேயே மகபூப்நகர் விபத்துக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்து, நேரு வேண்டாம் என்றிருந்தார். அரியலூருக்கு மறுபடி கொடுத்தார், இந்தத் தடவை ஏற்றுக்கொண்டார்கள். ரயிலை ஓட்டினது அவரில்லை, பாலம் கட்டினதும் அவரில்லை. 1957 தேர்தல் முடிந்து மறுபடி மந்திரி, 1964-இல் பிரதமர். மாமனார் சொன்னார், அந்தக் காலத்து மந்திரிகளில் பாதிப் பேரை மறந்துவிட்டேன், இவரை மறக்கவில்லை என்று.

ஆனால் ஒன்று, எல்லோரும் சாஸ்திரி பற்றின பேச்சைக் கேட்டுத் தலையாட்டின கையோடு, பங்காளி ஒருத்தர் என்ன சொன்னார் தெரியுமா? "தப்புன்னு அவனே ஒத்துக்கிட்டானில்ல, ரீவைண்டிங் காசுலயும் பாதியப் புடிச்சுக்க." எனக்கு வந்ததே கோபம். காயில் நன்றாகத்தான் இருக்கிறது, அந்த வேலைக்குக் காசு எதற்குப் பிடிக்க வேண்டும்? உண்மையைச் சொன்னவனிடம் கூடுதலாகப் பிடுங்கினால் அடுத்த தடவை அவனும் கரண்டு சரியில்லை, தண்ணியில் உப்பு என்றுதான் சொல்வான். அப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுத்ததே நாம்தான் என்று ஆகிவிடும். புது மோட்டார் விற்ற ஆளைத் திட்டினேனே, அவரும் ஒரு காலத்தில் யாரிடமோ ஒத்துக்கொண்டு நன்றாக வாங்கிக் கட்டியிருப்பாரோ என்று கூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான், மறுபடி கோபம் வந்துவிட்டது.

இன்னொரு வகையும் எனக்குப் பிடிக்காது. எதற்கெடுத்தாலும் சாரிங்க, சாரிங்க என்பவர்கள். சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுத்தவர் அப்படி. ஃபில்டர் அடைக்கிறது என்றால் சாரிங்க, ஆள் வரவில்லை என்றால் சாரிங்க, எந்த இடத்தில் என்ன தப்பு என்று கேட்டால் அதற்கும் சாரிங்க. அந்த ஃபில்டர் இன்றைக்கும் அடைத்துத்தான் கிடக்கிறது. மோட்டார்க்காரர் சாரி என்ற வார்த்தையையே சொல்லவில்லை. ட்ரம்மில் முக்கிப் பார்க்கவில்லை என்றார். எங்கே தவறியது என்று அவ்வளவு சரியாகத் தெரிந்தவர் அதே இடத்தில் இன்னொரு தடவை தவறுவாரா சொல்லுங்கள். நான் அவரை நம்பினது 5,000 கொடுத்ததற்காகக் கூட இல்லை, அந்த ட்ரம்முக்காகத்தான். 5,000-மும் காரணம்தான், பொய் சொல்லக் கூடாது.

நடுவில் தண்ணி இல்லாத நாட்களுக்கு மாடுகளுக்காக டிராக்டர் டேங்கரில் தண்ணி வாங்கினேன், லோடு 800. அதை அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். டீக்காசு பேசும்போது உள்ளே ஓடிப்போனவர் பேச்சு இது.

இப்போது என்ன ஆயிற்று என்றால், நான் ஒரு வீட்டில் சொன்னேன், அவர்கள் இன்னொரு வீட்டில் சொன்னார்கள், வண்டிக்காரர்கள் போகிற காட்டுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். ஜாயிண்ட் தப்பாகப் போட்ட கடை என்று இல்லை, வண்டிக் காசு கொடுத்த கடை என்று. எங்க சின்ன மாமனார் தோட்டத்து மோட்டார், அடுத்த சாளை, அதாவது தோட்டத்து வீட்டுக்காரர்களுடைய கம்ப்ரசர் மோட்டார், ஒரு தேங்காய்க் களத்து மோட்டார் எல்லாம் அங்கேதான் கிடக்கிறது. நேற்று எங்கள் ஸ்டார்ட்டரில் ஒரு சின்னச் சந்தேகம் கேட்கலாம் என்று போன் போட்டால், "அக்கா, செவ்வாக்கெழம வரட்டுங்களா, வேல குமிஞ்சு கெடக்குது" என்கிறார். முன்னெல்லாம் போனை வைப்பதற்குள் வண்டி வாசலில் நிற்கும்.

அதனால் கடை பேர் என்ன, நம்பர் கொடுங்க என்று யாரும் கேட்காதீர்கள். கொடுத்தால் எனக்கு செவ்வாய்க்கிழமையும் போய்விடும். கருப்பி கயிற்றை அறுத்துவிட்டது, நான் வைக்கிறேனுங்க.