144 படுக்கை விரிப்புகள்

நேயர்களுக்கு வணக்கம்.

டென்மார்க்கின் டிவி 2 அலைவரிசையில் 2013 டிசம்பர் கடைசியில் தொடங்கி, பத்தாண்டு ஓடிய தொடர் 'பாதஹோட்டலெட்'. கடற்குளியல் விடுதி என்று பொருள். மணல்மேடுகளுக்கு நடுவே ஆண்டர்சன் குடும்பம் நடத்துகிற ஹோட்டல். 1928 கோடையில் ஃபீ என்ற இளம்பெண் அங்கே அறை வேலைக்கு வந்து சேர்கிறாள். ஒரு சீசனுக்கு ஒரு கோடை என்று கதை நகரும். அதே குடும்பங்கள் வருஷா வருஷம் பெட்டியும் தொப்பியுமாக வந்து இறங்கும்.

யார் யாரைக் காதலித்தார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நான் பேச வந்தது பெட்ஷீட்டைப் பற்றி.

சிரிக்க வேண்டாம். பழைய காலத்து ஹோட்டல் கதை எதுவானாலும், விருந்தினர்கள் முன்படியில் ஏறுவார்கள், வேலை பின்படியில் நடக்கும். அந்தப் பின்படி சரியாக இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சுருக்கு வழி விரிப்புதான்.

ஒரு கணக்குப் போடுவோம். 12 அறை, அறைக்கு 2 கட்டில், ஆக 24. கட்டிலுக்கு இரண்டு விரிப்பு: மெத்தைமேல் கீழே ஒன்று, போர்வைக்கு அடியில் மேலே ஒன்று. 48 ஆயிற்றா? கட்டிலில் ஒரு ஜோடி, சலவையில் ஒரு ஜோடி, அலமாரியில் ஒரு ஜோடி என்று மூன்று மடங்கு வைத்திருந்தால்தான் மழை நாளில் சமாளிக்கலாம். 144. தலையணை உறையும் துண்டும் மேஜைத்துணியும் தனி. உலர்ந்தபோது முக்கால் கிலோ இருக்கிற விரிப்பு நனைந்தால் இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும்.

அதனால் ஒரு தந்திரம் உண்டு. ஒரே ஆள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால் இரண்டு விரிப்பையும் மாற்றமாட்டார்கள். மேலே கிடந்தது கீழே போகும், கீழே கிடந்தது சலவைக்குப் போகும், புதியது மேலே வரும். சலவை பாதியாகிவிடும். விருந்தினர் முகத்தருகே படுவது எப்போதும் புது விரிப்புதான்.

இனி வெளுப்பது. முதல் நாள் இரவு பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், வாளிக்கு ஒரு கைப்பிடி சலவை சோடா போட்டு. பச்சைத் தண்ணீர் என்பதைக் கவனியுங்கள். ரத்தக்கறை, பால்கறை மீது முதலிலேயே வெந்நீர் பட்டால், அடுப்பில் முட்டை இறுகுவதுபோல் கறை நூலிலேயே இறுகிவிடும். அப்புறம் எதற்கும் போகாது. மறுநாள் விடியற்காலை கொப்பரையில் சோப்பைச் சீவிப் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். நம் வண்ணான் துறை வெள்ளாவியில் ஆவி செய்கிற வேலையை அங்கே கொதிநீரே செய்யும். கடற்கரைதானே, கடல் தண்ணீர் கிடைக்குமே என்று நினைக்கவேண்டாம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பிசுபிசுவென்று துணியில் ஒட்டிக்கொள்ளும். கிணற்றுத் தண்ணீர்தான்.

பிறகு மூன்று முறை அலசல், கடைசித் தண்ணீரில் நீலம். நம் வீட்டுச் சொட்டு நீலத்தின் பாட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கட்டி நீலமாக வரும், துணி முடிச்சில் கட்டித்தான் கலக்க வேண்டும். அப்படியே போட்டால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பிரஷ்யன் நீலம் என்று ஒரு வகை இருந்தது, அதில் இரும்பு உண்டு. சோப்பு முழுக்கப் போகாத துணியை அதில் முக்கினால், இஸ்திரிச் சூட்டில் துருக்கறை பூக்கும். மூன்றாவது அலசலை யாராவது தவிர்த்தால், மாட்டிக்கொள்வது இஸ்திரி போடுகிறவள்.

காய்வதும் லேசான விஷயமில்லை. கடற்காற்றில் துணி சீக்கிரம் காயும், உண்மை. ஆனால் கொடியிலேயே இரவு தங்கினால் காற்றிலிருக்கும் உப்பு படிந்து, உப்பு ஈரத்தை இழுத்து, காலையில் விரிப்பு சில்லென்று ஒட்டும். மாலைக்கு முன் எடுத்துவிட வேண்டும், அதுவும் சற்று ஈரம் இருக்கும்போதே. இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மூலைக்கு மூலை இழுத்துச் சதுரமாக்குவார்கள். பிறகு கல் நிரப்பிய கனமான பெட்டியின் அடியில், உருளையில் சுற்றி முன்னும் பின்னும் உருட்டுவார்கள். நெருப்பில்லாத இஸ்திரி. முழுக்கக் காய்ந்த துணி என்றால் மடிப்பு போகாது, ஈரம் மிகுந்தால் அலமாரியில் பூஞ்சை பிடிக்கும், பொத்தான் வைத்த உறை என்றால் பொத்தான் நொறுங்கும்.

இதெல்லாம் தெரிந்தால் பழங்கால நாடகங்களில் பிழை பளிச்சென்று கண்ணில் படும். மூலையில் எலாஸ்டிக் வைத்த விரிப்பு 1928-க்குப் பொருந்தாது, மூலையை மடித்துச் செருக வேண்டும். தண்ணீர் ஜாடியும் அப்படித்தான். அறையில் குழாய் இல்லாத விடுதியில், அறைக்கு 4 லிட்டர் வெந்நீர் காலையும் மாலையும் போகும். 12 அறைக்கு 96 லிட்டர் மேலே ஏற வேண்டும், அழுக்குத் தண்ணீராக அதுவே கீழே இறங்க வேண்டும். வெறுங்குடம் தூக்குகிற கை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? நடிகையின் மணிக்கட்டைப் பாருங்கள், ஜாடி காலியா நிறைவா என்று சொல்லிவிடும்.

உண்மையிலேயே இப்படி ஒரு குடும்பம் இருந்ததா என்றால், இருந்தது. டென்மார்க்கின் வடமுனையில் ஸ்காகென் ஊரில் புரோண்டும் குடும்பத்தின் விடுதி. 1859 ஆகஸ்டில், குழந்தைகளுக்குக் கதை எழுதிப் புகழ்பெற்ற ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் அங்கே வந்தார். நாடகக் குடும்பமும் ஆண்டர்சன், வந்தவரும் ஆண்டர்சன், குழப்பிக்கொள்ள வேண்டாம். பசியோடு வந்தவருக்குச் சாப்பாடு தாமதமாயிற்று, அவர் சத்தம் போட்டார், நிறைமாதமாக இருந்த வீட்டம்மா பதறிப்போய்ப் படுத்துவிட்டார், அந்தப் பதற்றத்தில்தான் குழந்தை பிறந்தது என்று சொல்வார்கள். பதற்றத்தின் கதை எப்படியோ, ஆகஸ்ட் 18 அன்று பிறந்த பெண் நிஜம். பெயர் அன்னா. வளர்ந்து மிகேல் அங்கெர் என்ற ஓவியரை மணந்து, தானும் பெரிய ஓவியரானார்.

அந்த அன்னா 1880-களில் வரைந்த ஒரு படம். சமையலறையில் பணிப்பெண் ஒருத்தி நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். சிவப்புப் பாவாடை, மஞ்சள் திரை வழியே வெயில். முகம் தெரியாது. விடுதிக்காரர் மகளுக்குத்தான் அந்த முதுகு கண்ணில் பட்டிருக்கிறது.

அங்கே தங்கிய ஓவியர்களின் படங்கள் சாப்பாட்டு அறைச் சுவரில் நிறைந்துபோயின. 1946-இல் அந்த அறையையே பெயர்த்து ஸ்காகென் அருங்காட்சியகத்துக்குள் வைத்துவிட்டார்கள். அருங்காட்சியகக் கட்டடம் திறந்தது எப்போது தெரியுமா? 1928. ஃபீ வேலைக்குச் சேர்ந்த அதே வருஷம்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாயிற்று என்று கை காட்டுகிறார்கள். சாப்பாட்டைப் பற்றி எழுதிவந்த இரண்டு பக்கத்தை அப்படியே மடித்துவிடுகிறேன். போர்க்காலத்தை மட்டும் ஓட்டமாகச் சொல்கிறேன். 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் படை டென்மார்க்கில் நுழைந்தது. தொடரின் பிற்காலக் கோடைகள் அந்த நிழலில்தான். காப்பிக்குக் கூப்பன், சோப்புக்கும் கூப்பன். 144 விரிப்பை யோசித்துப் பாருங்கள். மேலே கிடந்ததைக் கீழே போடுகிற அந்தத் தந்திரம், இனி ஒரு வாரத்துக்குப் பதில் இரண்டு வாரம் –

நேரம் முடிந்ததாம். வணக்கம்.