குண்டின் அடி சறுக்கினால்

(துப்பாக்கி சுடும் கழக ஆண்டு விழா உரையின் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, முன்னிலை வகிக்கும் காவல் கண்காணிப்பாளர் அவர்களே, வெயிலென்றும் பாராமல் பரிசளிக்க வந்திருக்கும் கர்னல் ஐயா அவர்களே, சுடுதளத்துக்கு இடம் தந்த கல்லூரித் தாளாளர் அவர்களே, பந்தலுக்கும் மோருக்கும் பொறுப்பேற்ற செயலாளர் அவர்களே, இளம் வீரர் வீராங்கனையரே, வணக்கம்.

குறிபார்த்துச் சுடும் தோட்டா வளர்ந்த கதையைச் சொல்லப் பணித்தார்கள். குண்டின் அடி, பித்தளைக் கூட்டின் வடிவம், காற்று என மூன்றையும் தொடுகிறேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். குண்டுக்கு அடி சறுக்கினால்?

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலம் மில்ஃபோர்டில், ஃபிராங்க்ளின் மான் என்றொரு மருத்துவர் இருந்தார். வைத்தியத்தை விட்டுவிட்டு அவர் செய்த தொழில் என்ன தெரியுமா? கோழித் தீவனத்துக்குப் பச்சை எலும்பு நறுக்கும் இயந்திரம் செய்து விற்றார். (சிரிப்பு) சிரிக்காதீர்கள், கோழிக்குத்தான் நாம் நன்றி சொல்ல வேண்டும்! அந்தக் காசில்தான் கான்கிரீட் தூண் எழுப்பி அதன்மேல் துப்பாக்கிக் குழலைக் கிடத்தினார் மனிதர். தோள் நடுங்கிற்று, மூச்சு வாங்கிற்று என்ற சாக்குக்கே இடமில்லை. குண்டு போகும் வழியெங்கும் காகிதத் திரைகளை நிறுத்தி, விழுந்த துளைகளைப் பார்த்தே அது எங்கே தள்ளாடுகிறது என்று கண்டார். பிறகு வேண்டுமென்றே சில குண்டுகளின் மூக்கைச் சிதைத்தார்; சிலவற்றின் அடியைச் சாய்வாகச் சீவினார். மூக்கு சிதைந்தவை அதிகம் விலகவில்லை. அடி சாய்ந்தவை சிதறின. குழல்வாயை விட்டு வெளியேறும் நொடியில், சாய்ந்த அடியின் ஒரு பக்கம் வாயு முந்திக்கொண்டு பீறிடுகிறது; குண்டு தள்ளாடுகிறது. 1909இல் இதையெல்லாம் நூலாக்கினார். யானைக்கு மட்டுமா அடி சறுக்கும்!

அடுத்தது கூட்டின் வடிவம். 1975இல் பால்மிசானோ என்ற அறுவை மருத்துவரும் (மறுபடியும் மருத்துவர்!) பிண்டெல் என்ற கருவி வினைஞரும் .220 ரஷ்யன் என்ற தோட்டாவின் கூட்டை எடுத்து, அது கழுத்தாகக் குறுகும் சரிவை, அதாவது தோளை, 30 பாகையாக்கி, 6 மி.மீ. குண்டுக்குப் பொருத்தினார்கள். அதுதான் 6 பி.பி.சி. குட்டையாய்ப் பருத்த கூட்டில் வெடிமருந்து சீராக எரியும் என்பது அவர்கள் கணக்கு. துப்பாக்கியை மேசைமேல் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளை அது ஆண்டது. நம் பிள்ளைகள் கையில் இருப்பது அதுவல்ல என்பதால் இத்தோடு விடுகிறேன்.

நம் கையில் இருப்பது 1887இல் பிறந்த .22 லாங் ரைஃபிள் தோட்டா. பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டியும் இதற்குரியதுதான். 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) ஈயக் குண்டு, வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 325 மீட்டர். ஒலியைத் தாண்டாமல் வைத்திருப்பது வேண்டுமென்றேதான். இதில் பற்றவைக்கும் கலவை கூட்டின் விளிம்புக்குள் இருக்கிறது. ஈரமாக இட்டு, சுழற்றி உள்ளே பரப்புகிறார்கள். பரவல் சீராக இல்லாவிட்டால் வேகம் மாறும். விநாடிக்கு 10 மீட்டர் குறைந்தால், 50 மீட்டரில் குண்டு சுமார் 7 மி.மீ. கீழே விழும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான்!

அதனால்தான் லாட் சோதனை. லாட் என்றால் ஒரே தடவையில் செய்த தோட்டாத் தொகுதி. ஒரே கம்பெனி, ஒரே விலை, ஒரே பெட்டி நிறம். லாட் எண் மாறினால் உங்கள் குழலுக்கு ஒத்துவராமல் போகலாம். பெயர்பெற்ற கம்பெனிதான், யானைக்கும் அடி சறுக்கும். துப்பாக்கியைப் பிடிப்பானில் இறுக்கி, லாட்டுக்கு 40 சுடுங்கள், பத்துப் பத்தாக. நாலு துளைக் கூட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு பத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். லாட் மாற்றியதும் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; பழைய குண்டுகளில் பூசியிருந்த மெழுகு குழலில் ஒட்டியிருக்கும்.

தோட்டா செய்யும் எலி (Eley) கம்பெனி இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலும், லாபுவா கம்பெனி ஜெர்மனியின் ஷோனெபெக்கிலும் இந்த லாட் சோதனைக்கென்றே தளம் வைத்திருக்கின்றன. நம் பிள்ளைகள் கிடைத்த பெட்டியை வாங்கிச் சுட்டுவிட்டுப் பயிற்சியைக் குறை சொல்கிறார்கள். ஆட்சியர் அவர்கள் மேடையில் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன்: 50 மீட்டருக்கு மூடிய ஒரு சுடுதளம், அசையாத ஒரு கான்கிரீட் தூண், இறுக்க ஒரு பிடிப்பான். எல்லாக் கழகங்களுக்கும் பொதுவாக, இந்த மாவட்டத்தில் ஒன்று வேண்டும்.

காற்றைப் பற்றிப் பேச நேரமில்லை. செயலாளர் மணி பார்க்கிறார். மனு அவர் கையில் இருக்கிறது. ஆட்சியர் அவர்களே, இறங்கும் முன் கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.