யூரியா, தொழு உரம், நடுவில் பாக்டீரியா

[காட்சி: ஈர மண்ணில் கரையும் யூரியா குருணைகள். பக்கத்தில் ஒரு கூடை தொழு உரம்.]

கடையில வாங்கின தழைச்சத்து (நைட்ரஜன்), கொட்டகையிலேர்ந்து வந்த தழைச்சத்துன்னு வேருக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. பெரும்பாலும் அது உறிஞ்சுறது அம்மோனியம், நைட்ரேட் ரெண்டைத்தான். எதைப் போட்டாலும் அந்த வடிவத்துக்குக் கொண்டுவர்றது மண்ணுல இருக்கிற நுண்ணுயிர்கள்.

யூரியேஸ் நொதி சில நாள்லயே யூரியாவை அம்மோனியமா உடைச்சிடும். அதை நைட்ரோசோமோனாஸ்ங்கிற பாக்டீரியா நைட்ரைட்டாவும், அந்த நைட்ரைட்டை நைட்ரோபாக்டர்ங்கிற பாக்டீரியா நைட்ரேட்டாவும் மாத்தும். லேசான ஈரத்துல மேலாகத் தூவி அப்படியே விட்டா, அதுவும் களர் நிலத்துல, அம்மோனியா காத்தோட போயிடும். தூவின கையோட கொத்தி மண்ணால மூடிடுங்க.

இப்ப கணக்குக்கு வருவோம். 45 கிலோ யூரியா மூட்டையில 46 சதவீதம், அதாவது சுமார் 20.7 கிலோ தழைச்சத்து. தொழு உரத்துல அரை சதவீதம்னு வெச்சுக்கிட்டா, அதே அளவுக்கு 4 டன்னுக்கு மேல வேணும். அதுலயும் முதல் பருவத்துல ஒரு பங்குதான் பயிருக்குக் கிடைக்கும். யூரியாவை ஒரேயடியா நிறுத்திட்டு ரெண்டு வண்டி எரு மட்டும் அடிச்ச வயல் வெளுக்கிறது இதனாலதான். குத்தம் எருவுல இல்ல, அளவுல.

ஆனா எரு தர்ற கரிமத்தை யூரியாவால தர முடியாது. யூரியாவுல இருக்கிற கொஞ்சம் கரிமமும் கரியமில வாயுவாப் போயிடும். கரிமம்தான் பாக்டீரியாவுக்குச் சோறு. அதனால ரெண்டையும் சேர்த்துப் போடுறதுதான் எங்க பரிந்துரை.

சோறு மட்டும் போட்டாலும் சிக்கல் வரும். பாக்டீரியா உடம்புல 8 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு தழைச்சத்து. வைக்கோல்ல அது சுமார் 80-க்கு 1. மக்காத வைக்கோலை உழுது விட்ட உடனே நட்டா, குறையுற தழைச்சத்தை பாக்டீரியா மண்ணுலேர்ந்தே இழுத்துக்கும், பயிர் மஞ்சளாயிடும். மக்க வெச்சுப் போடுங்க. இல்லன்னா தக்கைப்பூண்டு விதைச்சு, பூக்கிற சமயத்துல மடக்கி உழுங்க.

[காட்சி: 35 நாள் உளுந்துச் செடி, மண்ணோட தோண்டி எடுத்து வாளித் தண்ணீரில் அலசுவது.]

பிடுங்காதீங்க, வேருல இருக்கிற முடிச்சு அறுந்து மண்ணுலயே தங்கிடும். ஒரு வேர் முடிச்சை நகத்தால கீறிப் பாருங்க. உள்ள இளஞ்சிவப்பா இருந்தா, அதுக்குள்ள வாழுற ரைசோபியம்ங்கிற பாக்டீரியா காத்துலேர்ந்து தழைச்சத்தைப் பிடிக்குதுன்னு அர்த்தம். அந்த நிறம் லெக்ஹீமோகுளோபினோடது, நம்ம ரத்தச் சிவப்புக்குச் சொந்தம். அடியுரத்துல யூரியா அதிகமானா முடிச்சு குறைஞ்சிடும். தழைச்சத்துக்குப் பதிலா செடி பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுக்கும்; அது மண்ணுலயே கிடைக்கிறப்போ ஏன் கொடுக்கணும்?

ஒரு ஹெக்டேருக்கான 20 கிலோ உளுந்து விதைக்கு, 200 கிராம் ரைசோபியம் பாக்கெட் மூணு. நல்லா ஆறின கஞ்சியில கலந்து விதையில பூசி, நிழல்ல 15 நிமிஷம் உலர்த்தி அன்னிக்கே விதைங்க. பூஞ்சாணக்கொல்லி கலக்குறதா இருந்தா 24 மணி நேரம் முன்னாடியே முடிச்சிடணும். சூடான கஞ்சியும் நேர் வெயிலும் பாக்டீரியாவைக் கொன்னுடும்.

காய் முத்துறப்போ முடிச்சு பச்சையாகுறது இயல்பு. பூக்கிறதுக்கு முன்னாடியே உள்ள வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா, அந்த முடிச்சு வேலை செய்யல. அடுத்த விதைப்புல விதையில ரைசோபியம் பூசுற இந்த விதை நேர்த்தியை விட்டுடாதீங்க.