ஜென்ட் இசை ஓய்ந்துவிட்டதா? கே.ஆர்.புரம் நேயருக்கு ஒரு பதில்

அடுத்த கேள்வி கே.ஆர்.புரத்திலிருந்து வந்திருக்கிறது. எழுதியிருப்பதை அப்படியே படிக்கிறேன். "சார், நான் கல்லூரியில் படித்தபோது எல்லோரும் ஜென்ட், ஜென்ட் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தப் பெயரைச் சொன்னாலே சலித்துக்கொள்கிறார்கள். புதிதாக வருகிற பாட்டுகளும் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி இருக்கின்றன. இந்த இசை ஓய்ந்துவிட்டதா? என் எட்டுக் கம்பி கிட்டாரை விற்றுவிடலாமா?"

தம்பி, உங்கள் கேள்வியில் இருக்கும் வருத்தம் எனக்கும் உண்டு. அதனால் இதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜென்ட் என்பது ஹெவி மெட்டலின் ஒரு கிளை. ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் 'டி' வரும், உச்சரிப்பில் வராது. வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கிட்டாரின் பிரிட்ஜ் (கம்பிகள் வந்து முடியும் பாலம்) மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, தடித்த கீழ்க் கம்பிகளை ஓங்கி அடித்தால் 'ஜென்' என்று ஒரு ஓசை எழுந்து உடனே அறுந்து விழும். அந்த ஓசையே பெயராகிவிட்டது. சுவீடனின் உமியோ நகரத்தில் 1987-இல் தொடங்கிய மெஷுகா குழுதான் இதற்கு ஊற்று. அவர்கள் போட்ட விதையை எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் மிஷா மன்சூர் வீட்டிலேயே பதிவுசெய்து இணையத்தில் போட ஆரம்பித்தார். அவருடைய பெரிஃபெரி குழுவின் முதல் ஆல்பம் 2010-இல் வந்தது. இங்கிலாந்தின் டெசராக்ட் 2011-இல். நம் நாட்டில் டெல்லியைச் சேர்ந்த கேஷவ் தர் இதேபோல வீட்டில் உட்கார்ந்து தொடங்கியதுதான் ஸ்கைஹார்பர். 2012-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் டெசராக்ட் பாடகர் டேனியல் டாம்ப்கின்ஸ் பாடினார். டெல்லியில் ஒரு அறையில் பிறந்த இசைக்கு இங்கிலாந்திலிருந்து குரல் வந்து சேர்ந்தது என்பது அன்றைக்கு எங்களுக்கெல்லாம் எவ்வளவு பெரிய செய்தி தெரியுமா!

முதலில் செல்வாக்கு குறைந்துவிட்டதா என்பதைப் பார்ப்போம். பெயர் மங்கிவிட்டது உண்மை. பெரிஃபெரி குழுவே 2023-இல் வந்த தங்கள் ஆல்பத்துக்கு 'ஜென்ட் ஒரு இசைவகை அல்ல' என்று பொருள்படத் தலைப்பு வைத்தார்கள். ஆனால் ஓசை எங்கும் போகவில்லை. ஸ்லீப் டோக்கன் குழுவின் ஆல்பம் 2025-இல் அமெரிக்க பில்போர்டு 200 பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அவர்களை ஜென்ட் குழு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மென்மையாகப் போய்க்கொண்டிருக்கும் பாட்டில் திடீரென்று கிட்டார் இறங்குகிற இடங்களைக் கேளுங்கள். அந்தத் தாழ்ந்த சுருதியும் வெட்டி வெட்டி நிற்கும் அடியும் எங்கிருந்து வந்தன என்று உங்கள் காதுக்கே தெரியும். கனடாவின் ஸ்பிரிட்பாக்ஸ் குழுவிலும் அப்படித்தான். ஆறு கடலில் கலந்தபிறகு அதன் பெயரைச் சொல்லித் தண்ணீரைத் தேட முடியாது.

நம் பெங்களூரை வைத்து ஒன்று சொல்கிறேன். 2007-இல் அயர்ன் மெய்டனும் 2011-இல் மெட்டாலிகாவும் அரண்மனை மைதானத்துக்கு வந்தபோது திரண்ட கூட்டத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டால் ஜென்ட் இங்கே என்றைக்குமே சின்னக் கூட்டம்தான். அது மைதானத்தில் வளர்ந்த இசை இல்லை. எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கணினியின் முன்னால், ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசித்த பிள்ளைகளிடம் வளர்ந்தது. அதன் செல்வாக்கைத் தலை எண்ணி அளக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஆனால் உங்கள் இரண்டாவது குறை, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்பது, அதை நான் மறுக்கமாட்டேன். சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு கல்லூரி விழாவில் நடுவராக உட்கார்ந்திருந்தேன். ஒன்றன்பின் ஒன்றாக ஏறிய குழுக்களில் நான்கு ஜென்ட் வாசித்தன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எந்தக் குழு எது என்று சொல்ல முடியவில்லை. எல்லோரும் ஒரே மென்பொருளில், ஒரே ஆம்ப் ஓசையை, ஒரே அளவு நாய்ஸ் கேட் (கம்பி ஓய்ந்ததும் மிச்ச இரைச்சலை அறுத்துவிடுவது) வைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் விரலிலும் எத்தனை உழைப்பு இருந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மனசு கனத்துப்போய் வீட்டுக்கு வந்தேன்.

இதற்குக் கணினிமேல் பழி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மெஷுகாவே 2005-இல் 'கேட்ச் தர்ட்டித்ரீ' ஆல்பத்தின் டிரம்ஸைக் கணினியில்தான் அமைத்தார்கள். அதைக் கேட்டு உயிரில்லை என்று யார் சொல்வார்கள்? பிறகு எங்கே தவறியது? ஓசையை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், கணக்கை விட்டுவிட்டார்கள். ஓசை விலைக்குக் கிடைக்கும். கணக்கை உட்கார்ந்து படிக்க வேண்டும்.

என்ன கணக்கு என்று காட்டுகிறேன், பாருங்கள். 1998-இல் வந்த மெஷுகாவின் 'கேயாஸ்ஸ்பியர்' ஆல்பத்தில் 'நியூ மில்லேனியம் சயனைடு கிரைஸ்ட்' என்று ஒரு பாட்டு. அதில் அவர்களுடைய டிரம்மர் தோமஸ் ஹாகே கையால் நாலு நாலாக நேராக எண்ணிக்கொண்டு போகிறார். தலையாட்டுகிறவர்கள் அதைப் பிடித்துக்கொள்ளலாம். அதே நேரத்தில் கிட்டாரும் பேஸும் அவருடைய கால் டிரம்மும் 23 மாத்திரை (ஒரு மாத்திரை என்பது ஒரு எண்ணிக்கையில் நாலில் ஒரு பங்கு) கொண்ட ஒரு அடியைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. ஐந்து முறை வாசித்தால் 115. நாலு எண்ணிக்கை சேர்ந்தால் ஒரு பார், எட்டு பாருக்கு மொத்தம் 128 மாத்திரை. மிச்சம் 13. அந்தப் பதின்மூன்றையும் நிரப்பினால் கையும் காலும் மறுபடி ஓரிடத்தில் வந்து சேர்கின்றன.

128 என்ற எண்ணைக் கேட்டதும் சங்கீதம் தெரிந்தவர்கள் நிமிர்ந்திருப்பீர்கள். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை, சதுஸ்ர நடையில் எண்ணிக்கைக்கு நாலு மாத்திரை, ஆக ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, 32 மாத்திரை. சரியாக நான்கு ஆவர்த்தனம்!

அல்சூரில் என் வகுப்பில் மர்ஃபி டவுனிலிருந்து ஒரு பையன் வருகிறான். அவன் இந்த அடியை வாசிப்பான், ஆனால் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாமல் மனப்பாடமாக வாசிப்பான். ஒருநாள் கிட்டாரைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, ஏழு, ஏழு, ஒன்பது என்று சொல்லிப் பழகினோம். பாட்டில் அடி இப்படித்தான் உடைகிறது என்று நான் சொல்லவில்லை. வாயில் நிற்பதற்காக நான் பிரித்துக்கொடுத்தது. தகதிமிதகிட, தகதிமிதகிட, தகதிமிதகதகிட. கடைசியில் மிஞ்சும் பதின்மூன்றுக்குத் தகதிமி, தகதிமிதகதகிட. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்தோம். இரண்டாவது ஆவர்த்தனத்தின் சமம், அதாவது முதல் தட்டு, விழும்போது அவன் வாயில் இரண்டாவது சுற்று ஒன்பது மாத்திரை தாண்டியிருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் தடுமாறி, சமத்திலிருந்து புதிதாகத் தொடங்கிவிடுவான்.

அவனுடைய அம்மா அவனை அழைத்துப்போக வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தார். சிறுவயதில் பரதநாட்டியம் கற்றவர். மகன் வாசிப்பதை இரைச்சல் என்றுதான் இதுவரை சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சொற்கட்டு காதில் விழுந்ததும் எழுந்து உள்ளே வந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தாளம் போட ஆரம்பித்தார். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. "நீ என் கையைப் பார்க்காதே, உன் கணக்கைச் சொல்லு" என்றார். ஆறேழு முறை தவறிய பிறகு பையன் முழுதாகச் சொல்லி முடித்தான். நான்காவது ஆவர்த்தனம் முடிந்து சமம் விழுந்தபோது மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்துவிட்டோம். பிறகு கிட்டாரை எடுத்து அதையே வாசித்தான். அதே ஆம்ப், அதே ஓசை. ஆனால் அடி தரையில் ஊன்றி நின்றது. நான் கற்றுக்கொடுக்க வந்த இத்தனை வருடத்தில் இப்படிச் சில மாலைகள்தான் கிடைத்திருக்கின்றன.

இதைக் கேட்டுவிட்டு, மெஷுகா நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று யாரும் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். அவர்கள் தாங்களாகத் தேடிக் கண்டடைந்தது அது. நம் சங்கீதத்தில் முத்தாய்ப்பாக வரும் கோர்வையின் அழகும் வேறு. அது மூன்று முறை வந்து சமத்தில் இறங்கும்படி முன்கூட்டியே அளந்து கட்டப்படுவது. இங்கே ஓர் ஒற்றைப்படைக் கணக்கை ஓடவிட்டு, முட்டும் இடத்தில் மிச்சத்தை நிரப்புகிறார்கள். இரண்டும் அவரவர் வழியில் கடினமானவை. ஆனால் சமம் என்றால் என்ன என்று வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் ஓசையை மட்டும் இறக்குமதி செய்துகொண்டு நின்றுவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

நிற்காமல் நடந்தவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். பெங்களூரின் புராஜெக்ட் மிஸ்ரம் குழுவைக் கேளுங்கள். பெயரிலேயே தாளம் இருக்கிறது, மிஸ்ரம் என்றால் ஏழின் கணக்கு. புல்லாங்குழலும் வயலினும் கனத்த கிட்டாரோடு தோளுக்குத் தோள் நிற்கின்றன. இதே ஊரின் பைனாப்பிள் எக்ஸ்பிரஸ் குழு கர்நாடகக் குரலை மெட்டலுக்குள் கொண்டுவந்தது. வெளியே என்றால் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் டோசின் அபாசி. 2009-இல் வந்த அனிமல்ஸ் ஆஸ் லீடர்ஸ் முதல் ஆல்பத்திலிருந்து அந்த மனிதர் எட்டுக் கம்பியில் கட்டைவிரலால் தட்டியும் கொக்கிபோல இழுத்தும் புதிது புதிதாக ஏதாவது கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார். கற்பனை வற்றிய இடத்தில் இவர்கள் எப்படி வருவார்கள்? வற்றியது பார்த்து எழுதுகிறவர்களின் பேனாதான்.

கடைசியாக, கிட்டாரை விற்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் தம்பி. ஆறு மாதம் ஒன்று செய்து பாருங்கள். ஆம்ப்பின் டிஸ்டார்ஷனை, அந்தக் கரகரப்பை, முழுக்க அணைத்துவிடுங்கள். நாய்ஸ் கேட்டையும் எடுத்துவிடுங்கள். சுத்தமான ஓசையில், ஒரு காலால் நாலு எண்ணிக்கொண்டு, ஐந்து மாத்திரை அடி ஒன்றை நீங்களே கட்டி ஆதி தாளத்தில் ஓடவிடுங்கள். ஆறு முறை வந்தால் 30, மிச்சம் 2. அந்த இரண்டு மாத்திரையில் என்ன வைப்பது என்பதை யாரிடமும் கேட்காதீர்கள், இணையத்திலும் தேடாதீர்கள். செய்து பதிவை அனுப்புங்கள். நன்றாக வந்திருந்தால், உங்கள் அனுமதியோடு அடுத்த மாதம் இதே இடத்தில் போட்டுக் காட்டுகிறேன்.

சரி, அடுத்தது சிவாஜிநகரிலிருந்து. ஸ்னேர் டிரம்மின் தோலை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.