மூன்றடி உயரத்தில் மதுரை

(மதுரையில் சின்னக் குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கு மரபு நடை நடத்த முன்வந்திருக்கும் இளைஞர்களின் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். விடுமுறை நாளில் தூக்கத்தை விட்டுவிட்டு இத்தனை பேர் வந்திருப்பதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. உங்களில் பலர் வரலாறு படித்தவர்கள், சிலர் ஏற்கெனவே வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறவர்கள், அதனால் மதுரையைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க நான் வரவில்லை. மூன்று வயதிலிருந்து எட்டு வயதுவரை உள்ள பிள்ளைகளை, அவர்களுடைய அப்பா அம்மா தாத்தா பாட்டியோடு சேர்த்து, இந்த ஊர்த் தெருக்களில் கூட்டிக்கொண்டு நடப்பது எப்படி என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

பெரியவர்களுக்கான நடையைப் பாதியாகக் குறைத்தால் குழந்தைகளுக்கான நடை வந்துவிடும் என்று யாராவது நினைத்தால் அந்த நினைப்பை இங்கேயே விட்டுவிடுங்கள். பெரியவர்கள் ஒரு கட்டடத்தின் முன்னால் நின்றதும் கேட்பது இரண்டுதான், யார் கட்டினது, எந்த வருஷம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு 400 வருஷம் என்பதும் 4000 வருஷம் என்பதும் ஒன்றுதான், பாட்டி சின்னப் பிள்ளையாக இருந்தாள் என்பதையே அது நம்ப மறுக்கும். ஆனால் எது பெரிசு, எத்தனை இருக்கு, தொட்டால் எப்படி இருக்கு, இங்கே இருந்தது எங்கே போச்சு, இந்த நாலு கேள்வியையும் அது தானாகவே கேட்கும், அதுவும் விடாமல் கேட்கும். அந்த நாலையும் வைத்து முழு மதுரையையும் காட்டிவிடலாம். நம்முடைய வேலை அவ்வளவுதான், ஆனால் அதைச் செய்வது சுலபமில்லை.

ஊரின் வரைபடத்திலிருந்து ஆரம்பியுங்கள். நம் ஊருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. மீனாட்சி கோயில் நடுவில், மதிலுக்குள்ளே ஆடி வீதி, மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. மதுரையைத் தாமரைப் பூ என்றும், தெருக்களை அதன் இதழ்கள் என்றும், கோயிலை நடுவிலிருக்கும் பொகுட்டு என்றும் பரிபாடல் சொல்கிறது. எழுத்துத் தெரியாத நாலு வயதுக் குழந்தைக்கும் பூ வரையத் தெரியும். தெருவில் ஒரு சாக்பீஸைக் கையில் கொடுங்கள், நடுவில் ஒரு புள்ளி, சுற்றிச் சுற்றி இதழ், நாம் இப்போது எந்த இதழில் நிற்கிறோம் என்று விரலை வைக்கச் சொல்லுங்கள். அடுத்த தெருவுக்குப் போனதும் மறுபடி கேளுங்கள். மூன்றாவது தடவை நீங்கள் கேட்பதற்குள் அதுவே கத்திச் சொல்லிவிடும். பெரியவர்கள் பலர் கூகுள் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு விழிக்கிற ஊரில், தான் எங்கே நிற்கிறோம் என்று ஒரு குழந்தைக்குத் தெரிந்துவிட்டது என்றால், அதற்குமேல் அந்த ஊர் அதனுடையது.

மாதப் பெயர் தெரிந்த கொஞ்சம் பெரிய பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். சித்திரைத் திருவிழாத் தேர் ஏன் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில் ஓடுகிறது? மாசியில் நடந்துகொண்டிருந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி அழகர் திருவிழாவோடு சேர்த்தார், விழா மாறியது, தேர் ஓடும் தெரு மாறவில்லை, இதுதான் பதில். ஆனால் பிள்ளை கேட்டபிறகு சொல்லுங்கள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுதான் நம்மைப் போன்றவர்களின் பெரிய வியாதி.

இங்கே இருந்தது எங்கே போச்சு என்கிற கேள்வி இருக்கிறதே, அதில்தான் குழந்தைகள் அப்படியே நின்றுவிடுவார்கள். மண்ணில் விளையாடும் வயது அது. குழி தோண்டினால் பக்கத்தில் ஒரு மேடு வரும் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். திருமலை நாயக்கர் மகால் கட்ட மண் வேண்டும், வண்டியூர்ப் பக்கம் தோண்டினார்கள், தோண்டத் தோண்டப் பெரிய குழி, அந்தக் குழிதான் இன்றைக்குத் தெப்பக்குளம், அந்தக் குழிக்குள்ளே கிடைத்தவர்தான் கோயிலில் இருக்கிற முக்குறுணிப் பிள்ளையார் என்று நம் ஊரில் காலங்காலமாகச் சொல்கிறார்கள். மூன்று குறுணி என்றால் 18 படி. விநாயகர் சதுர்த்தி அன்று 18 படி அரிசியில் அவருக்கு ஒரே ஒரு கொழுக்கட்டை. இதைச் சொன்னதும் ஒவ்வொரு பிள்ளையும் கையை அகட்டி அந்தக் கொழுக்கட்டை எவ்வளவு பெரிசு என்று காட்டும், காட்டி முடிக்கிறவரை அவசரப்படுத்தாதீர்கள்.

இதே கேள்விதான் விளக்குத்தூணிலும். அந்தத் தூணை நட்டுவைத்தது பிளாக்பர்ன் என்ற கலெக்டரின் நினைவாக. ஊரைச் சுற்றி ஒரு பெரிய கோட்டைச் சுவரும், அதை ஒட்டி ஆழமான அகழியும் இருந்தன. 1840 வாக்கில், ஊர் பெருத்து உள்ளே இடமில்லாமல் போனபோது, அவர் அந்தச் சுவரை இடித்து அகழியில் தள்ளி மூடச் செய்தார். அப்படிக் கிடைத்த நிலத்தில்தான் வெளி வீதியும், அந்த வேலையை மேற்பார்த்த மாரட் பெயரில் மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்தன. ஒரு மேஸ்திரியின் பெயரில் தெரு இருக்கிற ஊர் இது, அதை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் சிலருடைய அப்பாவும் மேஸ்திரியாக, கொத்தனாராக இருப்பார். குழந்தைகளிடம் வருஷத்தை விட்டுவிடுங்கள். வெளி வீதிக்குப் போனதும், நீங்கள் நிற்கிற தெருவுக்குக் கீழே ஒரு சுவர் படுத்துக் கிடக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், காலடியைப் பார்ப்பார்கள்.

விளக்குத்தூணுக்குப் பக்கத்திலேயே பத்துத்தூண் சந்து. திருமலை நாயக்கரின் அரண்மனை இன்றைக்கு இருப்பதைவிடப் பல மடங்கு பெரிசாக இருந்தது, அதன் ஒரு பகுதியில் மிஞ்சியவை இந்தப் பத்துத் தூண்கள், இப்போது துணிக்கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. இங்கே பேச்சே வேண்டாம். ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டுவிட்டு நகர்ந்து நில்லுங்கள். பிள்ளைகள் கைகோத்துச் சுற்றி நிற்பார்கள், கை எட்டாமல் அம்மாவைக் கூப்பிடுவார்கள், கடைசியில் தாத்தாவும் வந்து சேருவார். கடைக்காரர்களிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது முக்கியம், வியாபார நேரத்தில் போய் வாசலை மறைத்து நின்றால் அவர்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான்.

அப்புறம் பூ. கோயிலைச் சுற்றிப் பூக்கட்டுகிறவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நிதானமாகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு பூக்காரம்மா மல்லிகையை முழம் போட்டுக் கொடுக்கும்போது ஒரு சின்னப் பெண் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் தன் கையை நீட்டினாள். அந்தம்மா சிரித்துக்கொண்டே அவளுடைய முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரத்தைப் பிடித்து, “இது உன் முழம், இது என் முழம்” என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அந்தப் பெண் தன் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, அவருடைய முழத்தையும் அளக்கச் சொன்னாள். அப்பா முழம்தான் லாபம், அடுத்த தடவை அப்பாவையே பூ வாங்க அனுப்பலாம் என்று அவளே முடிவு செய்தாள். எந்த வகுப்பறையில் அளவையை இப்படிச் சொல்லித்தர முடியும்? இப்படிப்பட்ட ஆள்களைத் தேடிப் பிடிப்பதுதான் வழிகாட்டியின் உண்மையான வேலை. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற சௌராஷ்டிர வீட்டுப் பெண்கள், பருத்திப்பால் வண்டிக்காரர், பித்தளைப் பாத்திரக் கடையில் தட்டி ஓசை காட்டுகிற பெரியவர், இவர்களில் ஒருவர் கிடைத்தால் போதும், உங்கள் குறிப்பேட்டை மூடி வைத்துவிடலாம். அவர்களுடைய நேரத்துக்குப் பணமோ, பொருள் வாங்குவதோ, ஏதாவது ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள்.

கதைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நம் ஊரில் கதைக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லாக் கதையும் எல்லா வயதுக்கும் இல்லை. சமணர்களைக் கழுவேற்றிய கதையைச் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், சிற்பத்தையோ ஓவியத்தையோ காட்டிக் கேட்டாலும் பெரியவனான பிறகு சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அது பொய் இல்லை, ஒத்திவைப்பு. கல் யானை கரும்பு தின்ற கதை, பிட்டுக்கு மண் சுமந்த கதை, இரண்டையும் எந்த வயதுக்கும் சொல்லலாம். பிட்டு தின்றுவிட்டு வேலை செய்யாமல் தூங்கியவரை அடித்தால் எல்லார் முதுகிலும் அடி விழுந்தது என்கிற இடத்தில் பிள்ளைகள் தங்கள் முதுகைத் தடவிப் பார்ப்பார்கள்.

கண்ணகி கதையை என்ன செய்வது? மதுரையில் நடந்துகொண்டு கண்ணகியை விடவும் முடியாது, ஊரே எரிந்தது என்று நாலு வயதிடம் சொல்லவும் முடியாது. சிலம்போடு நிறுத்துங்கள் என்பது என் கருத்து. ஒரே மாதிரி இரண்டு சிலம்பு, ராணியுடையதில் முத்து, கண்ணகியுடையதில் மாணிக்கம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குழந்தைகளிடமே விடுங்கள். ஆட்டிப் பார்க்கலாம் என்பார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம் என்பார்கள், கடைசியில் ஒருத்தர் உடைக்கணும் என்பார். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, ராஜா தப்பாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்று தெரிந்தது. ஒரு ராஜாவும் தப்புச் செய்வார், அதை ஒரு சாதாரணப் பெண் நேருக்கு நேர் நின்று நிரூபித்தாள் என்பது அந்த வயதுக்குப் போதும், அதுவே ரொம்பப் பெரிய விஷயம். மிச்சத்தைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும்.

இதேபோல மேல மாசி வீதியில் காந்தி தங்கியிருந்த வீடு. 1921 செப்டம்பர் 22 அன்று அங்கேதான் அவர் சட்டையும் தொப்பியும் விட்டு இடுப்பு வேட்டிக்கு மாறினார், இப்போது அங்கே கதர்க்கடை இருக்கிறது. தாத்தா ஏன் சட்டை போடலை என்று கேட்பார்கள். சட்டை வாங்கக் காசில்லாதவர்களைப் பார்த்தார், அவர்களிடம் இல்லாதது எனக்கும் வேண்டாம் என்று முடிவு செய்தார். இரண்டே வரி, அதற்குமேல் ஒரு வார்த்தையும் சேர்க்காதீர்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். காலை ஆறரைக்கு ஆரம்பித்து எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். நாலு இடம், மிஞ்சிப் போனால் ஐந்து. ஒரே நாளில் கோயிலும் மகாலும் என்று திட்டம் போடாதீர்கள், மகால் திறக்கும் நேரத்துக்குள் பிள்ளைகள் பசியில் சுருண்டுவிடுவார்கள், வெயிலும் ஏறிவிடும். சித்திரை வீதியில் வண்டி ஓடாது என்பதால் பிள்ளைகளின் கையை விட்டுவிடக்கூடிய ஒரே இடம் அதுதான், ஆகவே ஓடியாடும் விளையாட்டையெல்லாம் அங்கே வையுங்கள். மாசி வீதியைக் கடக்கும்போது முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் பிள்ளைகள், யாரும் பேசக்கூடாது. தள்ளுவண்டி நம் தெருக்களுக்கு ஆகாது, தூளிபோல் கட்டித் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கோயிலுக்குள் செல்போன் கிடையாது. அதனால் கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எந்தக் கோபுர வாசலில் சேருவது என்று உள்ளே போவதற்கு முன்பே பேசிவைத்து, பிள்ளையின் கையில் அம்மாவின் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். கழிப்பறை எங்கே என்று தெரியாமல் எந்தப் பாதையையும் முடிவு செய்யாதீர்கள். இதைச் சொல்லும்போது எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. லட்சக்கணக்கானவர்கள் வந்துபோகும் ஊரில், ஒரு மூன்று வயதுப் பிள்ளையைச் சுத்தமான கழிப்பறைக்குக் கூட்டிப் போக ஒரு தாய் அல்லாடவேண்டியிருக்கிறது. நடைபாதை இருக்கிற இடத்தில் அதன்மேல் பைக் நிற்கிறது. நாம் ஒவ்வொரு நடையிலும் எங்கே தடுக்கியது என்று குறித்துவைத்து, மாநகராட்சிக்கு மனுவாகக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும், அதுவும் நம் வேலையில் சேர்த்தி.

பெற்றோரிடம் ஆரம்பத்திலேயே அன்பாக ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கும்போது பிள்ளைக்குப் பரீட்சை வைக்கவேண்டாம். “அக்கா என்ன சொன்னாங்க, சொல்லு பார்ப்போம்” என்று ஒரு அப்பா கேட்ட கணத்தில் அந்தப் பிள்ளைக்கு அது பள்ளிக்கூடமாகிவிடும், அப்புறம் உங்கள் முகத்தையே பார்க்காது. பிள்ளை கோபுரத்தைப் பார்க்காமல் சாக்கடை ஓரத்துப் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பார்க்கட்டும், 170 அடி தெற்குக் கோபுரம் எங்கேயும் ஓடிப்போகாது. தாத்தா பாட்டிகளைப் பேசவிடுங்கள். ஏழுகடல் தெருவில் குளம் இருந்ததையும், புது மண்டபத்தில் தையல் மெஷின் ஓசைக்கு நடுவே பாடப் புத்தகம் வாங்கியதையும் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். பேரனுக்கு நம் விளக்கத்தைவிட, “நான் உன்னைப் போல இருக்கும்போது” என்று ஆரம்பிக்கும் பாட்டியின் குரல்தான் உள்ளே போகும்.

இன்னொன்று. நடைக்கு எல்லாப் பிள்ளைகளும் வரவேண்டும். கோயில் கோபுரத்தோடு காசிமார் பெரிய பள்ளிவாசல் தெருவும், கீழ வெளி வீதித் தூய மரியன்னை பேராலயமும் நம் பாதைகளில் இருக்கட்டும். நம் நடையில் ஒரு பிள்ளையாவது, இது எங்க தெரு என்று பெருமையாக முன்னால் ஓடவேண்டும். கட்டணம் கட்ட முடிகிறவர்கள் கட்டட்டும், மாநகராட்சிப் பள்ளி, அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு இலவசம். மாசி வீதியில் பிறந்து வளர்ந்தும் மகாலுக்குள் ஒரு தடவைகூடப் போகாத பிள்ளைகள் இருக்கிறார்கள், ஊரை முதலில் அவர்களுக்குக் காட்டாமல் வேறு யாருக்குக் காட்டப்போகிறோம்?

இப்போது இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து கிளம்புங்கள். ஜோடிக்கு ஒரு தெரு, அரை மணி நேரம். ஒவ்வொரு இருபது அடிக்கும் ஒரு தடவை குந்தி உட்கார்ந்து, உங்கள் கண் மூன்றடி உயரத்தில் இருக்கும்போது என்னென்ன தெரிகிறது என்று எழுதுங்கள். கோபுரம் தெரிந்தால் எழுதுங்கள், முன்னால் நிற்கும் ஸ்கூட்டரின் சைலன்சர் மட்டும் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள், உங்கள் தாள்களை வைத்துத்தான் முதல் நடையின் பாதையைப் போடப்போகிறோம்.